நயினாதீவுக் கல்வெட்டும் கடற்பயணக் காப்பும்

நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கப் படகேறிச் செல்லும் அடியார் தொகை பெரிது. அக்கோயிலிலுள்ள பழைய கல்லொன்றை நின்று நோக்குவோர் தொகையோ மிகச் சிறிது. தலைப்பகுதி சிதைந்துபோன அத்தமிழ்க் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

அரசன் கூறுவது யாது? பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்குதல் வேண்டும்; அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின், நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, முப்பங்கு உடையவனுக்கு. வேறு வாணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு. யானை, குதிரைகளில் தனக்கு விருப்பம் உண்டென்று மன்னனே காரணமும் சொல்லிவிடுகிறான். போருக்கு வேண்டியவை அவை. கொண்டுவருவோனுக்குச் சலுகை கூடுதலாக இருந்ததில் வியப்பில்லை.

இதனைக் கருணை என்பதா, கணக்கு என்பதா? ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் பொறித்த சாசனத்தை உடன்வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு துலங்கும். புயலில் அகப்பட்டுக் கரையொதுங்கிய கலங்களின் பண்டம் முழுவதையும் முன்னைய அரசர் பறித்துக்கொண்டனர் என்று அது வெளிப்படையாகவே உரைக்கிறது. உயிரினும் பொருளே பெரிதென எண்ணிக் கடலேறும் வணிகரிடம் விதித்த சுங்கமன்றி வேறொன்றும் கொள்ளோம் என்பது அவன் வாக்கு. அவனுக்கு முந்திய நூற்றாண்டிலேயே நம் தீவின் கல் பாதியையேனும் உடையவனுக்கு விட்டது. அக்காலத்துக்கு அது நல்ல சட்டந்தான்.

எனினும், கலம் உடைந்தபின் அதிலிருந்த மாந்தர் கதி என்ன என்பதுபற்றி எஞ்சியுள்ள வரிகளில் ஒரு சொல்லும் இல்லை. பண்டத்துக்குப் பங்கு வகுத்த அரசு உயிரைத் தெய்வத்திடம் விட்டுவிட்டது. மணிமேகலைக் காப்பியத்துச் சாதுவனும் உடைந்த மரத்துண்டொன்றைப் பற்றியே கரையேறினான். அம்மரத்துண்டே நம் இலக்கியம் அறிந்த உயிர்காப்பு மிதவை எனலாம்.

மனிதனுக்கெனக் கருவியும் சட்டமும் வந்தது மிகப் பிந்தியே. இங்கிலாந்தில் கப்பற்தலைவர் வார்ட் என்பவர் 1854இல் தக்கையாலான அங்கியொன்றை அமைத்தார். 1861 பெப்ரவரியில் விற்பித் துறையில் மீட்புப் படகு கவிழ்ந்து பன்னிருவர் மாண்டனர். பிழைத்த ஒருவரான ஹென்றி ஃப்ரீமன் அவ்வங்கியை அணிந்திருந்தார். பின்னர் சாமுவேல் பிளிம்சோல் இடையறாது வாதாடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்தே சுமைக்கோடு வரையப்படல் வேண்டும் என விதித்தது. அக்கோடு நீரில் அமிழ்ந்தால் பாரம் மிகுந்தது. எழுத்தறியாதவனும் அதனைக் கண்டுகொள்வான்.

நம் கடலுக்கு வருவோம். நயினாதீவுத் திருவிழா ஆனி மாதத்தை ஒட்டி நிகழ்வது. சோளகக் காற்று வீறுகொள்ளும் பருவமும் அதுவே. ஆழங்குறைந்த கடலில் காற்றெழுப்பும் அலை நீண்டு உருளாது. குறுகிச் செங்குத்தாக எழுந்து சிறு படகைக் குலுக்கும். கூட்டம் மிகும் நாளும் அலை மிகும் நாளும் ஒன்றாக வந்துவிடுகின்றன. படகின் மேற்றட்டில் ஏறிக்கொள்வோரும், கோபுரம் தெரிந்ததும் எல்லோருமாக ஒரு பக்கம் சாய்ந்து படம் பிடிப்போரும் படகின் பாரமையத்தை மேலும் பக்கமும் நகர்த்துகின்றனர் என்பதை உணர்வதில்லை. குறிகட்டுவானிலிருந்து கடக்கும் தொலைவு சிறிதுதான். ஆனால் நீந்தத் தெரியாதவனுக்குக் கடலின் அகலம் ஒரு பொருட்டன்று.

உல்லாசப் படகோட்டமும் நீர்ச்சறுக்கும் நம்மவர்க்குப் புதியன. அமெரிக்காவில் ரால்ஃப் சாமுவேல்சன் என்னும் இளைஞர் 1922இல் பலகை கட்டி நீர்மேல் சறுக்கியதிலிருந்து அவ்விளையாட்டின் வரலாற்றைத் தொடங்குவர். படகோட்டி முன்னே நோக்கியிருக்க, சறுக்குபவனைப் பின்னோக்கிக் கவனிக்க இன்னொருவர் படகில் இருத்தல் வேண்டும். விழுந்தவனை ஏற்றும்போது இயந்திரம் நிறுத்தப்படல் வேண்டும், சுழலும் விசிறி கத்திக்கு ஒப்பானது. நம் கடனீரேரிகளிலோ மீன்பிடிக்காக நடப்பட்ட தடிகளும் வலைகளும் உண்டு. வெளியூர் விளையாட்டு நூல்கள் அவற்றைச் சொல்லமாட்டா. அங்குள்ள மீனவரைக் கேட்டறிந்தே இறங்குதல் தகும். அவர் தொழிலுக்கும் அதனால் இடையூறு நேராது.

அங்கியைப் பற்றி ஒன்று. அணிந்தும் வாரைப் பூட்டாதிருப்போர் பலர். வெயில், வியர்வை, உடையழகு கெடும் என்பன அவர் கூறும் காரணங்கள். வார் பூட்டாத அங்கி, ஆள் நீரில் விழுந்ததும் தலைவழியே மேலேறிக் கழன்று தனியே மிதக்கும். பெரியோர்க்குத் தைத்ததைப் பிள்ளைக்கு மாட்டினாலும் அவ்வாறே. ஆகவே படகு கட்டவிழ்க்கப்படுமுன், பிள்ளையின் அங்கியைத் தோளிற் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். அது காதளவு ஏறுமாயின் வேறொன்று கேட்டு வாங்கவேண்டும்.