மைக்ரோபீ கணினியின் வரைகலைச் சுற்று

மைக்ரோபீ, சிட்னியின் அப்ளைடு டெக்னாலஜி நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஆஸ்திரேலியக் கணினி. முதலில் பாகங்களை வாங்கி நாமே பற்றவைக்கும் தொகுப்பாக வந்து, பிறகு பள்ளிகளுக்குள் நுழைந்தது. இதற்குத் தனி வரைகலை அட்டை கிடையாது. பலகையிலேயே உள்ள 6545 சிப் திரையை நடத்துகிறது.

திரையில் 64 × 16, அதாவது 1,024 எழுத்திடங்கள். ரோமில் 128 எழுத்துகள் நிலையாக இருக்கின்றன. மேலும் 128 வடிவங்களை 2 கிலோபைட் ராமில் நாமே வரையலாம். ஒரு வடிவத்துக்கு 8 × 16 புள்ளி, ஆகத் திரை 512 × 256. இடங்கள் ஆயிரத்துக்கு மேல், வடிவங்களோ 128 மட்டுமே. அதனால் ஒரே வடிவத்தைப் பல இடங்களில் பயன்படுத்தியே படம் போட வேண்டும். இவ்வளவு சிறிய நினைவகத்தில் இத்தனை செய்தது உண்மையிலேயே அருமையான வடிவமைப்பு.

பழுதைக் கண்டறியவும் இந்த அமைப்பே உதவும். சாதாரண எழுத்துகள் தெளிவாக இருந்து, நாம் வரைந்தவற்றில் மட்டும் ஒரே நெடுவரிசைப் புள்ளிகள் விடுபட்டால் வடிவ ராமைச் சந்தேகிக்கலாம். எழுத்தே வேறாக மாறி வந்தால், எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை வைத்திருக்கும் திரை ராமைப் பார்க்க வேண்டும். பழைய பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

கணினியின் வேகத்தை, துடிப்பைத் தரும் படிகத்தின் மேல் அச்சிட்ட எண்ணே சொல்லிவிடும்: 12 என்றால் இசட்80 செயலி 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும், 13.5 என்றால் 3.375இல். படிகத்தை மட்டும் மாற்றினால் போதாது. திரைப் புள்ளிகளுக்கான துடிப்பும் அதிலிருந்தே பிறப்பதால் 6545இன் பதிவேடுகளில் உள்ள எண்களையும் திருத்த வேண்டும். ரோம்களும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும்.