ஒரே லேபிள், மூன்று பாட்டு!

இரண்டு நண்பர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்காரர்கள். ஒருவர் 1983 அக்டோபர் கடைசியில் ஒரு 12 இன்ச் இசைத்தட்டு வாங்குகிறார். சில மாதங்கள் கழித்து, அதே கடையில் அதே தட்டை இன்னொருவர் வாங்குகிறார். அதே உறை, அதே லேபிள், அதே கேட்லாக் நம்பர்.

வீட்டுக்குப் போய் ஊசியை வைத்தால், முதல் ஆளுக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு சத்தக்காடு. தண்ணீர் தெறிக்கிறது, யாரோ முனகுகிறார்கள், பாட்டு மட்டும் வருவதாகக் காணோம்! இரண்டாவது ஆளுக்கோ ஏழு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும் அட்டகாசமான டான்ஸ் பாட்டு. ‘என் தட்டுதான் சரி, உன்னுடையது டூப்ளிகேட்’ என்று இருவரும் சண்டை போட்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே அசல்!

பாட்டின் பெயர் ‘ரிலாக்ஸ்’. பாடியது லிவர்பூலைச் சேர்ந்த ‘ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட்’ என்ற குழு. தயாரித்தவர் ட்ரெவர் ஹார்ன். இந்தப் பாட்டின் எந்த வடிவம் சிறந்தது, எது முதலில் வந்தது என்று ரசிகர்கள் நாற்பது வருஷமாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓலைச்சுவடியில் பாடபேதம் பார்க்கிற பண்டிதர்கள் தோற்றார்கள்! ‘ஒரு டான்ஸ் பாட்டுக்கு எதற்கய்யா இத்தனை ஆராய்ச்சி?’ என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

முதலில் ‘ரீமிக்ஸ்’ என்ற வார்த்தையைப் பார்த்துவிடுவோம். நம்மூரில் ரீமிக்ஸ் என்றால் பழைய சினிமாப் பாட்டைப் புதுக் குரலில் பாடி, டிரம்ஸ் சேர்த்துவிடுவது. இது அது அல்ல. ஸ்டூடியோவில் குரல், கிடார், டிரம்ஸ் எல்லாம் டேப்பில் தனித்தனித் தடங்களாகப் பதிவாகும். அந்தத் தடங்களை எடுத்து, சிலதை ஏற்றி, சிலதை இறக்கி, வெட்டி நீட்டி மறுபடி கலப்பதுதான் ரீமிக்ஸ். அரிசி, பருப்பு அதேதான், சமையல் வேறு.

இதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் டாம் மோல்டன் என்ற அமெரிக்கர். எழுபதுகளின் ஆரம்பத்தில் நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்ட் தீவில் ஒரு நடன விடுதிக்குப் போனார். பாட்டு சூடு பிடிக்கும்போதே மூன்று நிமிடம் முடிந்துவிடுகிறது. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் ஆடுகிறவர்கள் களைந்து போய்விடுகிறார்கள். ‘பாட்டு முடியாமல் இருந்தால்?’ என்று யோசித்தார் மனிதர். டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டுகளை நீட்டினார்.

12 இன்ச் தட்டு பிறந்தது ஒரு தற்செயல். மோல்டன் தன் பாட்டின் மாதிரித் தட்டை வெட்டப் போனபோது வழக்கமான 7 இன்ச் வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிருந்தது. பெரிய தட்டில் வெட்டினார்கள். இடம் தாராளமாக இருந்ததால் பள்ளங்களை அகலமாகப் பரப்ப முடிந்தது. போட்டுக் கேட்டால்… அடேயப்பா! இசைத்தட்டில் பாஸ் ஒலி பலமாக இருந்தால் பள்ளம் அகலமாக ஆடும். சின்னத் தட்டில் அதற்கு இடம் கிடையாது. பெரிய தட்டில் நீளமும் கிடைத்தது, நெஞ்சை அதிரவைக்கும் ஓசையும் கிடைத்தது. 1976-ல் ‘டபுள் எக்ஸ்போஷர்’ குழுவின் ‘டென் பர்சென்ட்’ பாட்டு, வால்டர் கிப்பன்ஸ் என்ற டி.ஜே. நீட்டிக் கொடுத்த வடிவத்தில், 12 இன்ச் தட்டாகக் கடைக்கே வந்துவிட்டது.

ஆக, 12 இன்ச் ரீமிக்ஸ் பிறந்தது ஆடுகிறவர்களுக்காக. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு லண்டனுக்கு வாருங்கள்.

ட்ரெவர் ஹார்ன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1979-ல் ‘வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்’ என்ற பாட்டால் உலகப்புகழ் பெற்ற ‘பகிள்ஸ்’ குழுவில் பாதி அவர்தான். ‘ரிலாக்ஸ்’ பாட்டை அவர் பலமுறை பதிவு செய்தார், தூக்கிப் போட்டார். ‘பிளாக்ஹெட்ஸ்’ குழுவினரை அழைத்து வாசிக்கச் சொன்னார். அதையும் தூக்கிப் போட்டார். கடைசியில் ஃபேர்லைட் கம்ப்யூட்டர், லின்டிரம் என்று இயந்திரங்களை வைத்துக்கொண்டு, நான்கைந்து பேராக உட்கார்ந்து பாட்டை முடித்தார்கள். ஃப்ராங்கி குழுவில் ஹாலி ஜான்சனின் குரல் மட்டும் தப்பித்தது. மற்றவர்கள் வாசித்தது எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் நீச்சல்குளத்தில் ‘தொபுக்’கென்று குதித்த சத்தம் உண்டு!

அந்தக் குதியல் சத்தம் போய்ச் சேர்ந்த இடம்தான் முதல் 12 இன்ச் தட்டு. பெயர் ‘செக்ஸ் மிக்ஸ்’. பதினாறு நிமிடத்துக்கு மேல். வாளித் தண்ணீரில் சாமான்களைப் போட்டுப் போட்டு விதவிதமாக அசிங்கச் சத்தம் எழுப்பியதாக ஹார்னே பிற்பாடு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது குறும்பு. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு?

புகார்கள் குவிந்தன. ஹாலி ஜான்சனும் பால் ரதர்ஃபோர்டும் தாங்கள் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்பதை ஒளிவு மறைவில்லாமல் சொன்னவர்கள். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். அந்தச் சமூகத்தின் நடன விடுதிகள்தான் இந்தப் பாட்டின் முதல் வீடு. அங்கிருந்துதான் அதிகப் புகார் வந்தது, ‘இது எங்களைக் கேவலப்படுத்துகிறது’ என்று. ஹார்ன் வெட்டிக் குறைத்தார். எட்டு நிமிடம் சொச்சத்துக்கு வந்தது. மறுபடி புகார்! ‘ரேடியோவில் கேட்ட பாட்டுக்காகத்தானே தட்டு வாங்கினோம், அந்தப் பாட்டு எங்கே?’

ஹார்னுக்கு அப்போதும் புரியவில்லை. நியூயார்க் போனபோது ‘பாரடைஸ் கராஜ்’ என்ற நடன விடுதிக்குள் நுழைந்தார். அங்கே, ராட்சத ஸ்பீக்கர்களில், ஆடும் கூட்டத்துக்கு நடுவே நின்று 12 இன்ச் தட்டுகளைக் கேட்டபோதுதான் உறைத்தது. இத்தனைக்கும், 12 இன்ச்சில் ஏற்கெனவே ஹிட் கொடுத்தவர்! ஆனால் அவற்றைப் பெரிய ஸ்பீக்கரில் அவர் கேட்டதே இல்லை. திரும்பி வந்து ‘ரிலாக்ஸ்’ பாட்டை முதலிலிருந்து கலந்தார். அதுதான் ஏழு நிமிடம் சொச்சம் ஓடும் ‘நியூயார்க் மிக்ஸ்’.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தட்டின் உள்ளே பாட்டை மாற்றியதே தவிர, வெளியே நம்பரை மாற்றவில்லை! மூன்று வடிவங்களும் ஒரே அடையாளத்தோடு கடைக்குப் போயின.

இதற்கு நடுவில் இன்னொரு நாடகம். 1984 ஜனவரியில் பி.பி.சி. ரேடியோவின் மைக் ரீட், வரிகள் ஆபாசம் என்று சொல்லிப் பாட்டைப் போட மறுத்தார். சில நாளில் பி.பி.சி.யே தடை போட்டது. விளைவு? அந்த மாதமே பாட்டு முதலிடம். ஐந்து வாரம் இறங்கவில்லை. நாட்டின் நம்பர் ஒன் பாட்டை பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் காட்ட முடியாத தர்மசங்கடம்! கோடையில் ஃப்ராங்கியின் அடுத்த பாட்டான ‘டூ ட்ரைப்ஸ்’ ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தபோது, ‘ரிலாக்ஸ்’ மறுபடி ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. பிரிட்டனில் மட்டும் 20 லட்சம் பிரதிகள் விற்றன. ஒரே பாட்டை நாலைந்து விதமாகக் கலந்து ரசிகனை மறுபடி மறுபடி வாங்கவைப்பது மற்ற கம்பெனிகளுக்கும் பழகிவிட்டது. அதில் ரசிகனின் பர்ஸ் காலியானது தனிக்கதை.

சரி, எந்தத் தட்டில் எந்தப் பாட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழியைச் சொன்னது ரசிகர்கள்தான். இசைத்தட்டில் பாட்டு முடிந்த பிறகு, லேபிளைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். தட்டை அச்சடிக்கும் தொழிலாளிக்காக அங்கே சின்னதாக ஒரு குறியீடு கீறியிருப்பார்கள். தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் தெரியும். லேபிள் பொய் சொன்னாலும் இந்தக் கீறல் பொய் சொல்லாது. கீறலைப் படித்து, பாட்டை ஓடவிட்டு, கடிகாரம் பார்த்து, ‘உன்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது’ என்று ஒப்பிட்டு ஒரு பட்டியலையே உருவாக்கிவிட்டார்கள். இப்போது ஏலத்தில் ஒரு தட்டை வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்தக் கீறலைத்தான்.

‘அசல் எது?’ என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. முதலில் வந்ததுதான் அசல் என்று ஒரு கோஷ்டி. லட்சக்கணக்கானவர்கள் ஆடியதுதான் அசல் என்று இன்னொரு கோஷ்டி. என்னைக் கேட்டால் மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள் என்பேன். முதலாவதில் ஸ்டூடியோவுக்குள் தனியாகச் சிரித்துக்கொள்ளும் ஒரு மேதை. இரண்டாவதில், திட்டு வாங்கிக்கொண்டு முணுமுணுப்போடு கத்தரி எடுத்தவர். மூன்றாவதில், ஆடுகிறவர்களுக்கு நடுவே நின்று, விஷயத்தைப் புரிந்துகொண்டு திரும்பியவர். இந்த மாற்றத்தைக் கம்பெனி லேபிளில் எழுதவில்லை. விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்த ரசிகர்கள் எழுதிவைத்தார்கள்.