வரி உண்டு, வாக்கு இல்லை: தமிழ்நாட்டுப் பொது நூலகத்தில் வாசகரின் இடம்

பொது நூலகத்தை மக்களாட்சியின் பள்ளி என்று பாராட்டுவது மேடை வழக்கம். புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது, பல தரப்பினர் ஒரே மேசையில் அமர்கிறார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆயினும் சத்திரத்திலும் சோறு இலவசம். பந்தியில் பலரும் உட்காரலாம். அதனால் உண்பவருக்குச் சத்திரத்தின்மேல் உரிமை வந்துவிடாது. நூலகத்தின் குடிமைத் தன்மையை அளக்க, அதற்குப் பணம் தருபவர் யார், முடிவெடுப்பவர் யார் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதல் கேள்விக்குத் தமிழ்நாடு மெச்சத்தக்க விடை தந்தது. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அது ஒரு தனிமனிதரின் கொடை. கொடையாளர் ஓய்ந்தால் வண்டியும் நின்றுவிடும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வேறு வழி தேடினார். சட்டமும் வரியும் இல்லாமல் நூலகம் நிலைக்காது என்ற அவரது வாதம் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டமாக உருப்பெற்றது. கோலாப்பூர் சமஸ்தானம் 1945இலேயே ஒரு சட்டம் இயற்றியிருந்தாலும், விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதலாவது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க இச்சட்டம் வழிசெய்தது. படிப்படியாக உயர்ந்த அந்த வரி இப்போது சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 பைசா. வீட்டுவரி ரசீதில் அதற்கெனத் தனி வரியே உண்டு. நூலகம் தருமத்திலிருந்து உரிமைக்கு நகர்ந்தது அந்த ரசீதில்தான் என்பேன்.



இரண்டாவது கேள்வியில்தான் சட்டம் தயங்கி நிற்கிறது. சட்டப்படி மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு உண்டு. அதில் வாசகர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் எவரும் இல்லை. ஆணைக்குழுவே இல்லாமல் தனி அலுவலர் நிர்வகித்த காலங்களும் இருந்தன. வாசகர் வட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கூட்டம் நடத்தும், நன்கொடை திரட்டும், புரவலர் சேர்க்கும். வரவுசெலவில் அதற்குக் கையெழுத்து இல்லை.

விளைவைக் காண எந்தக் கிளை நூலகத்துக்குள்ளும் நுழையலாம். நாளிதழ் மேசையைச் சுற்றி ஓய்வுபெற்றவர்கள். ஒரே தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நால்வர் படிப்பார்கள். உள்ளறையில் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், பெரும்பாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கையேடுகளோடு. அவர்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை, மாலையில் கூடுதலாக இரண்டு மணி நேரம். அலமாரியிலோ நூலக ஆணையில், அதாவது நூலகங்களுக்கென அரசு மொத்தமாக வாங்கும் ஏற்பாட்டில், வந்த புத்தகங்கள் பிரிக்காத மணத்தோடு நிற்கும். பதிப்பாளருக்கு நூலக ஆணை உயிர்மூச்சு. தமிழ்ப் பதிப்புத் தொழில் அதை நம்பியே வளர்ந்தது. ஆனால் அந்தக் கிளைக்கு எது தேவை என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. மேசையில் எந்தக் கட்சியின் நாளேடு கிடக்கும் என்பதுகூட மேலிருந்தே முடிவாகும் அமைப்பில், ஆட்சியாளரின் விருப்பு வெறுப்பு நுழையக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தபோது இந்தக் குறை பட்டவர்த்தனமாயிற்று. வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. இதை மக்களின் வெற்றி என்று கொண்டாடுவதில் தவறில்லை. எனினும், நூலகத்தின் கதி பற்றி வாசகர் பேசுவதற்கு நீதிமன்றத்தையும் தெருவையும் தவிர வேறு அவை இல்லை என்பதற்கும் அதுவே சான்று.

கேரளம் மாற்றுவழியில் போனது. அங்கே பி.என். பணிக்கர் 1945இல் ஊர் நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் கண்டார். 1989இல் வந்த சட்டம், தாலுகா, மாவட்டம், மாநிலம் என மூன்று அடுக்கில் தேர்தல் வழி அமையும் நூலகக் கவுன்சிலை ஏற்படுத்தியது. அடித்தளத்தில் இருப்பவை உறுப்பினரே நடத்தும் நூலகங்கள். குறை இல்லாமல் இல்லை: கட்சிப் போட்டி கவுன்சில் தேர்தல்களுக்குள்ளும் புகுந்துவிடுகிறது, ஊர் நூலகரின் ஊதியம் தமிழ்நாட்டு அரசு நூலகரின் ஊதியத்துக்கு ஈடாகாது. கேரளத்தை அப்படியே பெயர்த்து நடச் சொல்லவில்லை. நிலையான நிதியும் பணியாளரும் இங்கே உண்டு. அவற்றோடு, கிளை அளவிலாவது நூல் தேர்வு, வேலை நேரம், நாளிதழ்ப் பட்டியல் ஆகிய மூன்றிலும் முடிவெடுக்கும் வாசகர் குழு ஒன்றைத் தேர்தல் வழி அமைக்கலாம் என்பதே என் கருத்து.

அப்படியானால் வாக்காளர் யார்? வரி கட்டுபவரே என்றால் வீட்டு உரிமையாளர்கள்தான் பட்டியலில் வருவார்கள். அவர்களில் பலர் நூலகப் படியேறியதில்லை. விடுதி மாணவரும் வாடகைக் குடியிருப்பவரும் விடுபடுவர். உறுப்பினர் அட்டையை அளவாகக் கொண்டால், காப்புத்தொகை கட்டாமல் தினமும் நாளிதழ் படிக்க வருபவருக்கு இடமில்லை. பெண்கள் குறைவாக வரும் வாசிப்பறைகளில் இருப்பவரை மட்டும் வாக்காளராக்கினால், வராமல் போனதன் காரணமே விவாதத்துக்கு வராது. இப்போதைக்குக் கையிலிருக்கும் ஆவணங்களில் ஓரளவு நியாயமானது வாசலில் கிடக்கும் வருகைப் பதிவேடு. அட்டை உள்ளவரும் இல்லாதவரும் அதில்தான் கையெழுத்திடுகிறார்கள். ஓராண்டில் குறிப்பிட்ட நாட்களுக்குமேல் கையெழுத்திட்டவருக்கு வாக்கு என்று தொடங்கலாம். அத்துடன் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்று முன்கூட்டியே விதித்துவிடலாம். சட்டத்தைத் திருத்தும்வரை காத்திராமல், ஒரு மாவட்டத்தில் சில கிளைகளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.