பிறை போட்ட ரூபாயும் கிரீடம் போட்ட பணமும்

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய நாணயங்கள் சேர்த்து வருகிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். வாலிநோக்கத்தில் இருக்கும் எனக்குச் சேதுபதி காசும் டச்சுக் காசும் அவ்வப்போது கிடைத்துவிடும். பக்கத்துக் கீழக்கரையிலேயே டச்சுக்காரர்கள் வணிகம் செய்தார்கள் அல்லவா! பிரெஞ்சு வெள்ளிக்குத்தான் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டின் பெரிய வெள்ளி நாணயம் 'எக்யூ'. ஒரு பக்கம் பதினைந்தாம் லூயியின் முகம், மறுபக்கம் மூன்று லில்லிப் பூக்கள் கொண்ட கேடயம். எடை சுமார் 29 கிராம். ஆனால் அந்த ராஜா முகத்தைக் காட்டி நம் ஊர்ச் சந்தையில் நெசவுத் துணி வாங்க முடியாது. இங்கே ஆற்காட்டு ரூபாய்க்குத்தான் மதிப்பு. ஆகவே பிரெஞ்சுக் கம்பெனி கப்பலில் கொண்டுவந்த வெள்ளியை, அதில் பெரும்பகுதி ஸ்பெயின் நாட்டு நாணயம், இங்கே ரூபாயாக மாற்ற வேண்டியிருந்தது.

1736-இல் புதுச்சேரி கவர்னர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலிகானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். அந்த ரூபாயில் லூயியின் பெயர் ஓர் எழுத்துகூடக் கிடையாது. பாரசீக எழுத்தில் டில்லி பாதுஷா முகம்மது ஷாவின் பெயரும் ஆற்காடு என்ற ஊர்ப் பெயரும்தான் இருக்கும். புதுச்சேரியில் அடித்தது என்பதற்கு அடையாளம் சின்னஞ்சிறு பிறை. சராப்புகள் எந்த நாணயத்தை நம்பினார்களோ, அதைத்தானே வெள்ளைக்காரனும் அடிக்க வேண்டும்!

லில்லிப் பூவைச் சின்ன நாணயங்களில்தான் பார்க்கலாம். புதுச்சேரி வெள்ளிப் பணத்தில் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் லில்லிப் பூக்கள். நம்முடைய 'பணம்' பிரெஞ்சு வாயில் 'ஃபனோன்' ஆயிற்று. செப்புத் துட்டை 'தூதூ' என்றார்கள். அதில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழிலேயே 'புதுச்சேரி'. 1739-இல் காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தபின், அந்த ஊர்ப் பெயரைத் தமிழில் பொறித்த செப்புக் காசும் வந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் அதே 1736-இல்தான். அவர் 1761 ஜனவரி 12 அன்று காலமானார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள். கட்டடங்கள் போயின, இடுப்பு முடிச்சிலும் சுருக்குப்பையிலும் இருந்த பணம் மட்டும் தப்பியது.

அப்படித் தப்பியது இப்போது நம் வீட்டிலேயே அழிகிறது. சென்ற ஆண்டு என் உறவினர் ஒருவர், காரைக்காலில் பிறந்த தம் அப்பத்தா வைத்திருந்த ஏழு வெள்ளிப் பணங்களை நகைக்கடையில் போட்டுப் பேத்திக்குக் கொலுசு வாங்கிவிட்டார். ஏழும் சேர்த்துப் பத்து கிராம் சொச்சம். கடைக்காரர் எடைக்குத்தான் காசு கொடுத்தார். எனக்குச் சேதி வருவதற்குள் உருக்கியாயிற்று.

ஆகவே, அன்பர்களே, பழைய பெட்டியில் கிரீடமும் பூவும் போட்ட சிறு வெள்ளி இருந்தால் அவசரப்பட வேண்டாம். அதில் ஆண்டு இருக்காது. பூவுக்குப் பதில் சேவல் இருந்தால் அது 1836, 1837-இல் அடித்தது. பிரான்சில் 1830 புரட்சிக்குப் பின் வந்த சின்னம். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் உருவமும் மழுங்கிவிடும். மண்ணுக்குள் கிடைத்த புதையல் என்றால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். வெளிநாட்டுக்கு விற்று அனுப்பக் கூடாது.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் இது யார் கொண்டுவந்தது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, நாணயத்தோடு சேர்த்து வையுங்கள். அந்த விவரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.