சுமையும் முடிவுரிமையும்: அமெரிக்கச் செவிலிய உதவியாளர் பணி மூன்று பராமரிப்புக் களங்களில் வளர்ந்த வரலாறு

நோயாளியைக் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவு ஊட்டுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் படுக்கைப்புண் வராமல் புரட்டிக் கிடத்துதல் ஆகிய பணிகளைச் செய்வோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவிலிய உதவியாளர் என்னும் பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றனர். மருத்துவமனையிலும், முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலும், நோயாளியின் சொந்த வீட்டிலும் இவர்கள் கைகள் செய்வது ஏறத்தாழ ஒரே வேலைதான் என்றாலும், அவ்வேலை கேட்கும் உழைப்பும், அதைச் செய்யும் முறையைத் தாமே தீர்மானிக்க இவர்களுக்கு உள்ள இடமும் களத்துக்குக் களம் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு பணியின் இயல்பிலிருந்து தானாகப் பிறந்ததன்று. பணம் கொடுப்பது யார், மேற்பார்வை செய்வது யார், சட்டம் தொழிலாளியாக ஏற்றுக்கொள்வது யாரை என்னும் மூன்று கேள்விகளுக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளே அதை உருவாக்கின என்பதையும், சுமை களம் மாறிய ஒவ்வொரு முறையும் அதனுடன் செல்லவேண்டிய உரிமை பின்தங்கியே நின்றது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முனைகிறது.

கராசெக்கின் அளவுகோல்

பணியிட உளவியலில் இவ்வகை ஒப்பீட்டுக்கு அடிப்படையாக அமைந்தது, ராபர்ட் கராசெக் 1979இல் வெளியிட்ட ஆய்வாகும். அமெரிக்க, சுவீடன் நாட்டுத் தொழிலாளரிடம் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு அவர் ஒரு பணியை இரண்டு அளவுகளால் மதிப்பிட்டார். முதலாவது பணிச்சுமை, குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு வேலை, எவ்வளவு விரைவு, ஒன்றோடொன்று மோதும் எத்தனை கட்டளைகள் என்பவற்றை அது குறிக்கும். இரண்டாவது முடிவுரிமை, தன் திறமைகளைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் பணியில் உள்ள வாய்ப்பையும், வேலையின் வரிசை, வேகம், முறை ஆகியவற்றைத் தானே தீர்மானிக்கும் அதிகாரத்தையும் அது ஒருசேரக் குறிக்கும். சுமை மிகுந்திருப்பது மட்டுமே மனிதரை நோகச் செய்வதில்லை என்பதும், மிகுந்த சுமையும் குறைந்த முடிவுரிமையும் ஒரே பணியில் சேரும்போதுதான் களைப்பும் மனச்சோர்வும் கூடுகின்றன என்பதும் அவர் கண்ட முடிவு. சுமையோடு உரிமையும் மிகுந்த பணியை அவர் செயலூக்கமுள்ள பணி என்றும், சுமை மட்டும் மிகுந்ததை மிகை அழுத்தப் பணி என்றும் வகைப்படுத்தினார். 1988இல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் இவ்விரண்டுடன் மூன்றாவதாக உடன்பணியாளர், மேலாளர் ஆகியோரின் ஆதரவைச் சேர்த்தனர். தனித்து வேலை செய்பவரின் நிலையை விளக்க இச்சேர்க்கை இன்றியமையாதது என்பது வீட்டுப் பராமரிப்பை ஆராயும்போது தெளிவாகும்.

மருத்துவமனை: அருகிலிருந்த செவிலியர், எட்டாத அதிகாரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் படுக்கையருகே செய்யவேண்டிய வேலைகளின் பெரும்பகுதி பயிற்சிச் செவிலிய மாணவியரால் ஊதியமின்றியோ சொற்ப உதவித்தொகைக்கோ செய்யப்பட்டது. இரண்டாம் உலகப்போர் செவிலியரைப் படைக்கு அழைத்துக்கொண்டபோது ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப, 1941இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் குடிமக்கள் பாதுகாப்பு அலுவலகமும் இணைந்து தன்னார்வச் செவிலிய உதவியாளர் படையை அமைத்து, 80 மணிநேரப் பயிற்சிக்குப் பின் பெண்களை வார்டுகளுக்கு அனுப்பின. போர் முடிந்தும் செவிலியர் பற்றாக்குறை தீராததால், நெருக்கடிக் காலத் தன்னார்வப் பணி நிலையான கூலிப்பணியாக மாறியது.

1953இல் எலினோர் லாம்பர்ட்சன் குழுச் செவிலியம் என்னும் ஏற்பாட்டை விளக்கி நூல் எழுதினார். தகுதிபெற்ற ஒரு செவிலியர் தலைமையில் பயிற்சிச் செவிலியரும் உதவியாளரும் ஒரு குழுவாக இயங்கி, நாளுக்கு நாள் கூடிப்பேசி நோயாளியின் பராமரிப்பைத் திட்டமிடுவது அதன் நோக்கம். இந்த ஏற்பாட்டில் உதவியாளர் தாம் கண்டதைச் சொல்ல ஒரு கூட்டம் கிடைத்தது. ஆனால் நடைமுறையில் பல வார்டுகளில் கூட்டம் சுருங்கி, வேலைப் பங்கீடு மட்டும் எஞ்சியது. 1969இல் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய முதன்மைச் செவிலியம், ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியரே முழுப்பொறுப்பு என்னும் கொள்கையால் செவிலியரின் முடிவுரிமையை உயர்த்தியது. உதவியாளருக்கோ அது ஏற்கெனவே இருந்த சிறிய இடத்தையும் சுருக்கியது.

மருத்துவமனை உதவியாளருக்கு வேறொரு தடையும் இருந்தது. 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் இலாபநோக்கற்ற மருத்துவமனைகளைத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிறுத்தியதால், அங்கே சங்கம் அமைப்போரைச் சட்டம் காக்கவில்லை. 1969 மார்ச்சில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், மணிக்கு 1.30 டாலர் கூலி பெற்ற கறுப்பினப் பெண்கள், செவிலிய உதவியாளரான மேரி மூல்ட்ரி முதலானோரின் தலைமையில், 12 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் அவர்களோடு ஊர்வலம் சென்றதும் சங்கம் அமைப்போர்க்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத சூழலிலேயே நிகழ்ந்தவை. மூன்று மாதங்களுக்கு மேல் நீண்ட அப்போராட்டத்தின் முடிவில் சங்க அங்கீகாரம் கிடைக்கவில்லை. கூலி உயர்வும், பணிநீக்கம் செய்யப்பட்டோர்க்கு மீண்டும் வேலையும், குறைகளை முறைப்படி முறையிடும் வழியும் கிடைத்தன. முறையிடும் வழி என்பது எளிய சலுகைபோலத் தோன்றினாலும், பேசினால் வேலை போகும் என்றிருந்த இடத்தில் பேசுவதற்கு ஒரு வாயிலைத் திறந்தது அதுவே. 1974இல்தான் நாடாளுமன்றம் இலாபநோக்கற்ற மருத்துவமனை ஊழியரை மீண்டும் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது.

பராமரிப்பு இல்லம்: மிகை அழுத்தத்தின் களம்

பராமரிப்பு இல்லங்களின் வளர்ச்சிக்கு வித்திட்டது 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமாகும். அரசின் ஏழையர் விடுதிகளில் வாழும் முதியோர்க்கு உதவித்தொகை இல்லை என்று அது விதித்ததால், தொகை பெற்ற முதியோர் தனியார் இல்லங்களை நாடினர். 1954இல் ஹில்–பர்ட்டன் சட்டத்திருத்தம் இல்லங்கள் கட்ட நிதி வழங்கியபோது அவை மருத்துவமனைகளின் சாயலில், நீண்ட நடைபாதைகளும் நடுவில் செவிலியர் மேசையுமாக எழுந்தன. 1965இல் முதியோர்க்கான மெடிகேர், ஏழையர்க்கான மெடிகெய்ட் ஆகிய இரு அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும் தொடங்கியபின் இல்லங்கள் விரைந்து பெருகின. கட்டடம் மருத்துவமனையிலிருந்து வந்தது. மருத்துவமனையில் உதவியாளருக்குத் துணைநின்ற செவிலியர் எண்ணிக்கை வரவில்லை. நேரடிப் பராமரிப்பின் பெரும்பகுதி உதவியாளர் தலைமீது விழுந்தது.

1983இல் மெடிகேர் திட்டம், நோய்வகைக்கு ஏற்ப முன்கூட்டியே நிர்ணயித்த தொகையை மருத்துவமனைக்கு வழங்கும் முறைக்கு மாறியது. நோயாளி எத்தனை நாள் தங்கினாலும் தொகை ஒன்றே என்பதால் மருத்துவமனைகள் அவர்களை விரைவில் வெளியே அனுப்பின. முன்பு வார்டில் தேறியிருக்கவேண்டியவர்கள் இப்போது முழுதும் குணமாகாத நிலையில் இல்லங்களுக்கும் வீடுகளுக்கும் வந்தனர். ஒரு களத்தின் செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, அடுத்த இரு களங்களின் உதவியாளர் மீது சுமையாக இறங்கியது.

இல்லங்களின் அவலநிலை குறித்து 1986இல் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து, 1987இல் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. உதவியாளருக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி, தகுதித் தேர்வு, மாநிலப் பதிவேடு, ஆண்டுக்கு 12 மணிநேரத் தொடர்பயிற்சி ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. முதியோரைக் கட்டிவைக்கும் வழக்கத்துக்கும் கடிவாளம் இட்டது. இச்சட்டத்தின் நன்மையை எவரும் மறுக்க இயலாது. எனினும் அது உதவியாளரை நோக்கிய பார்வை, தவறு செய்யாதபடி கண்காணிக்கப்படவேண்டியவர் என்பதாகவே இருந்தது. ஒவ்வொரு செயலும் படிவத்தில் ஏறவேண்டியிருந்ததால், ஒருவருடன் அமர்ந்து பேசிய நேரம் கணக்கில் வராமல், குளியலும் ஊட்டலும் மட்டுமே வேலையாக எண்ணப்பட்டன. சமூகவியலாளர் திமோதி டைமண்ட் சிகாகோவின் இல்லங்களில் தாமே உதவியாளராகப் பணியாற்றி 1992இல் எழுதிய நூல், பதிவேட்டில் இடம்பெறாத இந்தப் பராமரிப்பையே மையப்பொருளாகக் கொண்டது. நாள்தோறும் உடனிருப்பதால், முதியவர் ஒருவர் வழக்கத்தைவிடக் குறைவாக உண்பதையும், குழப்பமாகப் பேசுவதையும் முதலில் காண்பவர் உதவியாளரே; ஆனால் அந்த அறிவைக் கொண்டு பராமரிப்புத் திட்டத்தை மாற்றும் இடம் அவருக்கு இல்லை. திட்டத்தை வகுக்கும் குழுவில் உதவியாளரும் இடம்பெறவேண்டும் என்று கூட்டாட்சி விதி வெளிப்படையாகக் கூறியது 2016இல்தான். பயிற்சி கட்டாயமாகி 29 ஆண்டுகள் கழிந்த பின்னரே குரலுக்கு இடம் கிடைத்தது என்பதில் இக்களத்தின் வரலாறு முழுதும் அடங்கியிருக்கிறது.

சுமையைக் குறைக்கும் முயற்சியும் நிலைபெறவில்லை. நாளொன்றுக்கு ஒரு முதியவருக்கு உதவியாளர் நேரம் 2.45 மணியேனும் கிடைக்கவேண்டும் என்று 2024இல் வெளியான கூட்டாட்சி விதியை 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இரத்து செய்தது. கராசெக்கின் மொழியில், சுமை மிகுந்து உரிமை குறைந்த மிகை அழுத்தப் பணிக்கு இக்களத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

வீடு: தனிமையோடு வந்த சுதந்திரம்

வீட்டுப் பராமரிப்பின் வேர், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்ற பெண்களை நோயுற்றோரின் வீடுகளுக்கு அனுப்பிய அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்களில் உள்ளது என்பதை வரலாற்றாசிரியர் எய்லீன் போரிஸும் ஜெனிஃபர் க்ளைனும் 2012இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளனர். வீட்டு வேலையா, மருத்துவ வேலையா என்னும் மயக்கம் தொடக்கத்திலேயே அப்பணியில் படிந்தது. 1981இல் மெடிகெய்ட் நிதியை வீட்டுப் பராமரிப்புக்கும் செலவிட மாநிலங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டதும், இயன்றவரை மக்களைச் சமூகத்துக்குள்ளேயே வாழவிட வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் ஓம்ஸ்டெட் வழக்கில் தீர்ப்பளித்ததும் இக்களத்தை விரிவாக்கின.

வீட்டில் உதவியாளரின் அருகே மேலாளர் இல்லை. முதலில் குளியலா உணவா என்பதையும், எந்த வேகத்தில் செய்வது என்பதையும் அவரும் நோயாளியுமே பேசி முடிவு செய்கின்றனர். ஒரே நேரத்தில் பலர் அழைப்பதில்லை என்பதால், இல்லத்தின் ஓட்டமும் இங்கில்லை. ஆகவே முதல் இரண்டு அளவுகளை மட்டும் கொண்டு நோக்கினால் வீட்டுப் பணி விரும்பத்தக்கதாகத் தோன்றும். ஜான்சனும் ஹாலும் சேர்த்த மூன்றாம் அளவைக் கொண்டு நோக்கும்போதுதான் குறை வெளிப்படுகிறது: எடை மிகுந்தவரைத் தூக்க இரண்டாம் கை இல்லை, நோயாளி திடீரென மயங்கினால் கலந்துபேச எவருமில்லை, அவமதிப்பு நேர்ந்தாலும் சாட்சியில்லை. நோயாளி இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ வேலை நேரமே மறைந்துவிடுவதால், வேலையின் உள்ளே உள்ள உரிமை வேலையின் மீதான உரிமையாக வளர்வதில்லை.

சட்டமும் இம்மயக்கத்தை நீடிக்கவிட்டது. 1974இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டுப் பணியாளர்க்கு விரிவாக்கப்பட்டபோது, முதியோர்க்குத் துணையிருப்போர் அதிலிருந்து விலக்கப்பட்டனர். முழுநேரத் தொழிலாக இப்பணியைச் செய்தோரும் அவ்விலக்கில் சிக்கினர். நியூயார்க்கின் வீட்டு உதவியாளர் ஈவ்லின் கோக் தொடுத்த வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் துறை 2013இல் விதியை மாற்றி, நிறுவனங்களின் கீழ் பணிபுரியும் உதவியாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியும் மிகைநேரக் கூலியும் உண்டென்றது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதற்கிடையே 1999இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் ஏறத்தாழ 74,000 வீட்டுப் பராமரிப்பாளர் ஒரு வாக்கெடுப்பின் வழியே சங்கத்துக்குள் வந்தது, தனித்தனி வீடுகளில் சிதறிக் கிடப்போரும் கூடமுடியும் என்பதைக் காட்டியது.

ஒப்பீடும் மாற்று முயற்சிகளும்

மூன்று களங்களையும் ஒருசேர நோக்கினால், மருத்துவமனையில் ஆதரவு அருகில் இருந்தும் அதிகாரம் சுருங்கியிருப்பதும், இல்லத்தில் சுமை உச்சத்தில் நிற்க அறிவுக்கு மதிப்பின்றிப் போவதும், வீட்டில் செயற்சுதந்திரம் இருந்தும் துணையும் உறுதியும் இல்லாமையும் புலனாகும். ஒரு களத்துக்குரிய மருந்தை மற்றொன்றுக்குப் புகட்டுவது பயன் தராது. இல்லத்துக்குத் தேவை ஆட்களும் குரலும். வீட்டுக்குத் தேவை கூட்டும் நிலையான வேலைநேரமும். மருத்துவமனைக்குத் தேவை உதவியாளர் கண்டதைக் கேட்கும் குழு.

இவை கைகூடாதவை அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1985இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றிய வீட்டுப் பராமரிப்புக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றில் உதவியாளரே பங்குதாரராகிப் பயிற்சியையும் நிர்வாகத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். 2003இல் மிசிசிப்பியின் டுபெலோவில் மருத்துவர் பில் தாமஸின் சிந்தனையால் எழுந்த பசுமை இல்லங்களில், பத்துப் பன்னிரண்டு முதியோர் ஒரு வீட்டில் வாழ, உதவியாளரே சமைத்து, பராமரித்து, பணிமுறையைத் தமக்குள் வகுத்துக்கொள்ள, செவிலியர் தேவைக்கேற்ப வந்து செல்கின்றனர். நீண்ட நடைபாதையை மாற்றிச் சமையலறையை நடுவில் வைத்த அக்கட்டடம், 1954இல் மருத்துவமனையின் சாயலில் எழுந்த இல்லத்துக்கு அரை நூற்றாண்டு கழித்து வந்த மறுமொழியாகும்.

செவிலிய உதவியாளரின் களைப்பை அவரவர் மனவலிமையின் குறையாகக் கருதி, சகிப்புத்தன்மையைக் கற்றுத்தருவதால் அது தீரும் என்று நம்புவது இவ்வரலாற்றை அறியாமையாகும். 1935, 1947, 1983 ஆகிய ஆண்டுகளிலும், வீட்டில் துணையிருப்போரைக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கிய 1974இலும் எடுக்கப்பட்ட முடிவுகள் அக்களைப்பின் பெரும்பகுதியை உருவாக்கின. அம்முடிவுகள் எடுக்கப்பட்ட இடங்களில் படுக்கையருகே நின்ற பெண்களுக்கு இருக்கை இருக்கவில்லை. முடிவுகளால் உருவானதை முடிவுகளால் மாற்ற இயலும். அடுத்த முடிவு எடுக்கப்படும்போது, முதியவர் நேற்று எவ்வளவு உண்டார் என்பதை அறிந்தவரும் அந்த மேசையில் அமர்ந்திருத்தல் வேண்டும்.