கணனி எண்டு பேர் வச்ச பெட்டி

எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு பழைய ரீவி கேம் கன வருசமாகத் தூசி பிடிச்சுக் கிடந்தது. போன விடுமுறைக்கு நான் வீட்டை போனபோது அண்ணா அதைக் கழட்டி, உள்ளே இருந்த சின்னப் பச்சைத் தட்டை எடுத்துப்போட்டு, அந்த இடத்தில் ஒரு ராஸ்பெரி பையைப் பொருத்திக்கொண்டிருந்தார். "விளையாட்டுச் சாமானை ஏனடா கொம்பியூட்டர் ஆக்கிறாய்?" என்று அம்மா கேட்டா. "அது முதலே கொம்பியூட்டர்தான் அம்மா" என்றார் அண்ணா.

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் வரலாறு படிக்கிற எனக்கு அது மண்டைக்குள் நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால், அவர் சொன்னது அப்படியே உண்மை.

எங்கட ஊர்களுக்கு வந்த அந்த ரீவி கேம்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு யப்பானிய இயந்திரத்தின் நகல்கள். நிண்டெண்டோ நிறுவனம் 1983 யூலை 15 அன்று 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட சிவப்பும் வெள்ளையுமான பெட்டி அது. வடிவமைத்தவர் மசயுகி உஎமுரா. அதன் பெயர் 'ஃபமிலி கொம்பியூட்டர்', சுருக்கமாக ஃபமிகொம். பெயர் வெறும் அலங்காரம் இல்லை. அடுத்த வருசமே 'ஃபமிலி பேசிக்' என்று ஒரு கீபோர்ட் வந்தது. அதைப் பூட்டினால் பிள்ளைகள் தாங்களே நிரல் எழுதலாம், எழுதியதைப் பாட்டுக் கேட்கிற கசற்றில் பதிந்து வைக்கலாம்.

உள்ளே இருந்த மூளை 6502 என்ற சிப்பின் ஒரு வகை. அந்தச் சிப்பின் கதை தனியாக எழுத வேண்டியது. 1975 இல் அமெரிக்காவின் மொஸ் டெக்னொலொஜி நிறுவனம் அதை வெறும் 25 டொலருக்கு விற்றது. மற்ற நிறுவனங்களின் சிப்புகள் அதைப்போலப் பல மடங்கு விலை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஹோட்டல் அறையில் கண்ணாடிப் போத்தலுக்குள் சிப்புகளை நிரப்பி வைத்து, டொபி விற்கிறமாதிரி விற்றார்கள். போத்தலின் அடியில் கிடந்தவை வேலை செய்யாத சிப்புகளாம், நிறையக் கையிருப்பு இருக்கிறமாதிரிக் காட்டுவதற்காக! 1977 இல் வந்த அப்பிள் 2 கணனிக்கு இதே சிப்தான். அதே வருசம் வந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டிக்கு இதன் மலிவுப் பதிப்பு. அப்பிளில் ஆகக் குறைந்தது 4 கிலோபைட் நினைவகம், அட்டாரியில் 128 பைட், ஃபமிகொமில் 2 கிலோபைட். ஒரே மூளைதான். ஒன்றுக்குக் கீபோர்ட் கொடுத்தார்கள், மற்றதுக்குக் கொடுக்கவில்லை.

இனித்தான் கதையின் முக்கியமான இடம்: அமெரிக்கா.

1983 இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. கடைக்காரர்கள் அந்தச் சொல்லையே கேட்க விரும்பவில்லை. 1985 தை மாதம் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் நிண்டெண்டோ தன் இயந்திரத்தைக் கீபோர்ட், கசற் பதியும் கருவி எல்லாம் சேர்த்து ஒரு கணனியாகவே காட்டிப் பார்த்தது. ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை. அந்த வருசக் கடைசியில் நியூயோர்க் கடைகளுக்கு வந்தபோது கீபோர்ட் போய்விட்டது. 'கொம்பியூட்டர்' என்ற பெயரும் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, படம் பார்க்கிற டெக் மாதிரி முன்பக்கம் மூடியைத் திறந்து கேம் கசற்றைத் தள்ளி, பிறகு கீழே அமத்த வேண்டும். உள்ளே புதிதாக ஒரு பூட்டுச் சிப்பும் வைத்தார்கள். நிண்டெண்டோவின் அனுமதி இல்லாத கசற் என்றால் இயந்திரம் ஓடாது.

டெக் வேசம் போட்டதற்கு விலை இருந்தது. தள்ளி அமத்துகிற அந்தப் பொறிமுறையில் உள்ளே இருக்கிற 72 ஊசிகளும் நாளடைவில் வளைந்து தளர்ந்துவிடும். தொடுப்பு சரியில்லாவிட்டால் பூட்டுச் சிப் "இது கள்ளக் கசற்" என்று நினைத்து இயந்திரத்தை செக்கனுக்கு ஒருக்கால் நிறுத்தி நிறுத்தித் தொடங்கும். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் கசற்றை எடுத்து ஊதுவார்கள். ஊதாதீர்கள், ஈரம் பட்டுப் பழுதாகும் என்று நிண்டெண்டோவே சொல்லியும் ஆர் கேட்டது? அந்தச் சிப்பின் நாலாவது காலை வெட்டிவிட்டால் பூட்டு வேலை செய்யாது என்பதைப் பிறகு ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள்.

யப்பானிய ஃபமிகொமில் இந்தப் பூட்டு இல்லை. எங்கட கைக்கு வந்த நகல்கள் அதைப் பார்த்துச் செய்தவை. அதனால்தான் ஆர் செய்த கசற்றைப் போட்டாலும் ஓடின. ஆனால் அவற்றிலும் கீபோர்ட் இருக்கவில்லை என்பது வேறு கதை. சீனாவில் இருந்தது. சுபோர் என்ற நிறுவனம் 90களில் இதே இயந்திரத்தைக் கீபோர்டுக்குள் வைத்து 'படிப்பு இயந்திரம்' என்று விற்றது, விளம்பரத்துக்கு ஜாக்கி சான். பெற்றோர் படிக்கவென்று வாங்க, பிள்ளைகள் மரியோ விளையாடியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அந்த நிறுவனத்தை நடத்திய துவான் யொங்பிங் 1995 இல் விலகித் தொடங்கிய பிபிகே நிறுவனத்திலிருந்து வந்தவைதான் ஒப்போவும் விவோவும். இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேரின் கையில் அது இருக்கு?

சரி, அமெரிக்காவுக்குத் திரும்புவோம். விளக்கு மின்னி மின்னிச் செத்த பெட்டிகள் வீடுகளில் கிடந்தன. 2000களின் தொடக்கத்தில் 17 சென்ரிமீற்றர் சதுரத்தில் மினி-ஐரிஎக்ஸ் என்ற சின்னக் கணனிப் பலகைகள் வந்தபோது, ஆக்கள் அந்தக் கோதுகளைத் தேடி எடுத்தார்கள். டெக் மாதிரித் தெரியவேண்டும் என்று பெரிதாகச் செய்த பெட்டி, உள்ளே நல்ல இடம். பிளாஸ்ரிக் தூண்களை அரிந்து எறிந்து, கைப்பிடி பூட்டுகிற ஓட்டையில் யூஎஸ்பி வைத்தார்கள். பழைய பவர் பொத்தானை ஒருக்கால் அமத்தினால் அமந்தே நிற்கும். கணனிக்கோ அமத்தி விடுகிற பொத்தான் வேண்டும். அதனால் கனபேர் ரீசெற் பொத்தானையே பவர் பொத்தானாக மாற்றிக்கொண்டார்கள். ஓடுகிற இயந்திரத்தை உடைத்து இப்படிச் செய்வதை நான் ஏற்கமாட்டன். அது ஆவணத்தைக் கிழிக்கிறமாதிரி. செத்ததை எடுத்துச் செய்தால் குறை சொல்ல என்ன இருக்கு?

2012 இல் வந்த ராஸ்பெரி பை இந்த வேலையை இன்னும் லேசாக்கியது. அதன் மொடல்களுக்கு ஏ, பி என்று பேர் வந்தது 1981 இல் பிரித்தானியாவில் வெளிவந்த பிபிசி மைக்ரோ கணனியை நினைத்து. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழகிய கணனி அது. அதன் மூளையும் 6502. அதைச் செய்த ஏகோர்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சனும் ஸ்ரீவ் ஃபேர்பரும், 6502 இன் அடுத்த தலைமுறையைச் செய்துகொண்டிருந்தவர்களைப் பார்க்க அமெரிக்காவின் பீனிக்ஸ் நகருக்குப் போனார்கள். அங்கே ஒரு சின்ன வீட்டுக்குள் சிலபேர் இருந்து சிப் வடிவமைப்பதைக் கண்டதும், இது எங்களாலும் ஏலும் என்று திரும்பி வந்து ஆர்ம் சிப்பை உருவாக்கினார்கள். முதல் ஆர்ம் 1985 சித்திரையில் ஓடியது. நிண்டெண்டோ அமெரிக்காவில் கீபோர்டைக் கழட்டிவிட்டுப் பூட்டுப் போட்ட அதே வருசம்.

ராஸ்பெரி பைக்குள் இருப்பது ஆர்ம்.

அண்ணாவின் பெட்டி இரண்டாம் நாள் இரவு ஓடியது. பவர் சுவிட்ச் உடைந்திருந்ததால் பிளக்கைக் குத்தித்தான் போடவேண்டும். ஒரு பழைய கீபோர்டைக் கொளுவி, கறுப்புத் திரையில் அம்மாவின் பேரைப் பத்துத் தரம் எழுத வைத்தார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. "சரி, அந்தத் தாரா சுடுகிற கேம் எங்கே?" என்றா. கழட்டின பச்சைத் தட்டை நான் கேட்டு வாங்கி என்ர மேசையில் வைத்திருக்கிறன். நடுவில் ஒரு கறுப்புக் குமிழ், பிசின் ஊற்றி மூடிய சிப்.