குளிரில் தெரியும் கலப்பு

சரித்திரம் என்றால் ராஜாக்களின் சண்டை மட்டும்தானா? ஒரு கல்லுக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்று மனிதன் கண்டறிந்த கதையும் சரித்திரமே. கதை எழுதுகிறவனாகிய எனக்கு அதில் ஒரு சுவை தட்டுப்பட்டது.

உலோகங்களில் சூட்டைச் சுமந்து செல்பவை பெரும்பாலும் எலெக்ட்ரான்கள். மின்சாரம் பாயாத ஸ்படிகங்களில் அந்த வேலையை அணுக்களின் அதிர்வு அலைகள் செய்கின்றன. 1911-ல் ஜெர்மனியில் ஆய்க்கன் என்பவர் அத்தகைய ஸ்படிகங்களை அளந்து பார்த்தார். குளிரக் குளிரச் சூடு முன்னிலும் தாராளமாகப் பாய்ந்தது. திருவிழாக் கூட்டம் கலைந்தபின் தெருவில் நடப்பது எளிது அல்லவா? அலைகளின் நெரிசல் குறையக் குறைய அவற்றின் மோதலும் குறைகிறது.

1929-ல் பையர்ல்ஸ் என்ற இளைஞர் மேலும் ஒரு படி போனார். மாசற்ற ஸ்படிகமானால், தகுந்த குளிரில் இந்தத் திறன் மடமடவென்று ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரிதான். ஆனால் அளந்தவர்களுக்கு அந்த ஏற்றம் அகப்படவில்லை. 1951-ல்தான் ஆக்ஸ்போர்டில் பெர்மனும் சகாக்களும் அதை நீலக்கல்லில் கண்டார்கள். மற்றப் பல ஸ்படிகங்கள் அப்போதும் ஏமாற்றின.

காரணம் வேடிக்கையானது. நீலக்கல் அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. இயற்கையில் அலுமினிய அணுவுக்கு எடை ஒன்றுதான். ஆக்ஸிஜனுக்கும் ஏறக்குறைய அப்படியே. பழைய டிரான்சிஸ்டர்களில் இருந்த ஜெர்மானியத்திலோ ஐந்து எடையுள்ள அணுக்கள் கலந்திருக்கின்றன. ரசாயனத்துக்கு ஐந்தும் ஒன்றே. அலைக்கு அப்படியல்ல, எடை மாறும் இடமெல்லாம் அது சிதறுகிறது. இதை 1942-லேயே ரஷ்யரான பொமரான்சுக் எடுத்துக் காட்டியிருந்தார். 1958-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கெபாலியும் ஹல்லும் 74 எடையுள்ள அணுக்களே நூற்றுக்குச் சுமார் 96 இருக்கும்படியான ஜெர்மானியத்தைச் சோதித்தார்கள். தண்ணீர் உறையும் நிலைக்குச் சுமார் 250 டிகிரி கீழே, அது சாதாரண ஜெர்மானியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சூட்டைக் கடத்தியது!

வெதுவெதுப்பில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. அலைகளின் சொந்தச் சச்சரவே அதை மூடிவிடுகிறது. மிகக் கடுங்குளிரிலும் தெரிவதில்லை. அப்போது அலைகள் நீண்டு, சிறு அணுவைச் சட்டை செய்யாமல் கடந்து போகின்றன. வானத்தை நீலமாக்கும் ராலே விதிதான் இங்கும் ஆளுகிறது. இடைப்பட்ட குளிரிலேதான் குட்டு வெளிப்படும்.

வேண்டுமென்றே அந்நியப் பொருளைக் கலந்தால்? 1962-ல் போல் என்ற விஞ்ஞானி பொட்டாசியம் குளோரைடு உப்பில் துளி நைட்ரைட்டைக் கலந்து சோதித்தார். சில குறிப்பிட்ட குளிர்நிலைகளில் சூட்டின் ஓட்டம் பள்ளத்தில் விழுந்ததுபோல் குறைந்தது. ஒரு தம்பூராவின் நாதத்துக்குப் பக்கத்துத் தம்பூராவின் தந்தி அதிர்வதுபோல, நைட்ரைட் மூலக்கூறு தன் சுருதிக்கு இசைந்த அலைகளை மட்டும் பிடித்துக்கொண்டது.

ஆக, கலப்பு வெறும் இடைஞ்சல் அல்ல. அது எப்படி அசைகிறது என்பதையும் சூட்டின் ஓட்டமே சொல்லிவிடுகிறது. பையர்ல்ஸின் கணக்கு இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தது கணக்கின் குற்றத்தால் அல்ல. நாம் சுத்தம் என்று நம்பியது போதுமான சுத்தமாக இல்லை. அவ்வளவுதான்.